வாக்குச் சீட்டும் சமயச் சட்டமும்
அரபு மக்கள் விரும்புவது எதை?



எமது குடும்பங்களில் குவைத்திலோ கட்டாரிலோ சவூதி அரேபியாவிலோ வேலை செய்து திரும்பிய ஒருவரை எளிதிற் காணலாம். மகனாக, மருமகனாக, வீட்டுப் பணிக்குச் சென்ற தாயாக அவர் இருக்கலாம். அவர்கள் சொல்லக் கேட்டும், செய்திகளைப் படித்தும், அரபு நாட்டவரைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். “அவர்களுக்குச் சமயச் சட்டமே போதும்; ஜனநாயகம் அவர்களுக்கு ஒத்துவராது” என்பதே அம்முடிவு. கோவில் முற்றத்திலும் வாசிகசாலைத் திண்ணையிலும் இப்பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். நாமே பேசியும் இருக்கிறோம்.

இது உண்மைதானா? அம்மக்களிடமே கேட்டால் என்ன சொல்வார்கள்? இன்றைய பாடத்தில் இதனை ஆராய்வோம்.

அரபு மக்கள் யார்?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். அரபு மொழி பேசுவோர் எல்லோரும் முஸ்லிம்கள் அல்லர். முஸ்லிம்கள் எல்லோரும் அரபியரும் அல்லர். உலக முஸ்லிம்களுட் பெரும்பாலோர் அரபு நாடுகளுக்கு வெளியே, இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம் முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். மறுபுறத்தில் எகிப்தின் கோப்தியர், லெபனானின் மரோனியர், ஈராக்கின் கல்தேயர் எனப் பழம்பெரும் கிறிஸ்தவ சமூகங்கள் அரபு நாடுகளிலே வேரூன்றியுள்ளன. அரபு மொழியில் வழிபடும் கிறிஸ்தவர்களும் இறைவனை ‘அல்லாஹ்’ என்றே அழைக்கின்றனர்.

1945இல் கெய்ரோவில் தொடங்கிய அரபு லீக்கில் இன்று 22 அங்கத்துவ நாடுகள் உள்ளன. இவற்றுள் மன்னராட்சி நாடுகளும் உண்டு, குடியரசுகளும் உண்டு. 1992இல் வெளியிடப்பட்ட சவூதி அரேபியாவின் அடிப்படைச் சட்டம், குர்ஆனும் நபியவர்களின் வழிமுறையுமே தமது நாட்டின் யாப்பு எனக் கூறுகிறது. லெபனானிலோ எந்த ஒரு சமயமும் அரச சமயமாக இல்லை. 18 சமயப் பிரிவுகளை அரசு ஏற்றுக்கொண்டுள்ளது. இவ்விரு நாடுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஆகவே ‘அரபு மக்கள் இப்படித்தான்’ என ஒரே வாக்கியத்தில் பேசத் தொடங்கும்போதே நாம் தவறத் தொடங்குகிறோம்.

மக்கள் சொன்ன பதில்கள்

அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் பல நாட்டு முஸ்லிம்களை நேரிற் சந்தித்து வினவிய விடைகளை 2013ஆம் ஆண்டு வெளியிட்டது. ‘இஸ்லாமிய ஷரீஆவை உமது நாட்டின் சட்டமாக்க விரும்புகிறீரா?’ என்பது அதில் ஒரு வினா. ஆம் என்றவர்கள் ஈராக்கில் நூற்றுக்கு 91 பேர். மொறோக்கோவில் 83 பேர். எகிப்தில் 74 பேர். யோர்தானில் 71 பேர். துனீசியாவில் 56 பேர். லெபனானில் 29 பேர்.

இதனை மட்டும் படிப்பவர், “பார்த்தீர்களா, நாம் சொன்னது சரிதான்” என்பார். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வினாவும் கேட்கப்பட்டது. பலம் வாய்ந்த ஒரு தலைவர் வேண்டுமா, அல்லது ஜனநாயக ஆட்சி வேண்டுமா என்பதே அது. ஜனநாயகமே வேண்டும் என்றவர்கள் லெபனானில் நூற்றுக்கு 81 பேர். துனீசியாவில் 75 பேர். எகிப்தில் 55 பேர். ஈராக்கில் 54 பேர்.

ஈராக்கை எடுத்துக் கொள்ளுங்கள். நூற்றுக்கு 91 பேர் ஷரீஆவை விரும்பினர். 54 பேர் ஜனநாயகத்தை விரும்பினர். இரண்டையும் கூட்டினால் நூற்றைத் தாண்டுகிறது அல்லவா? அதாவது, ஒரே மனிதர் இரண்டையும் ஒருங்கே கேட்கிறார். நமக்கு முரண்பாடாகத் தோன்றுவது அவருக்கு முரண்பாடாகத் தோன்றவில்லை. இதன் காரணத்தை விளங்கிக் கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஷரீஆ என்றால் என்ன?

ஷரீஆ என்ற அரபுச் சொல்லின் பழைய பொருள் நீர்நிலைக்குச் செல்லும் பாதை என்பர். பாலைநிலத்து மக்களுக்கு நீர்ப்பாதை என்பது உயிர்ப்பாதை. முஸ்லிம் ஒருவருக்கு அச்சொல் முதலில் உணர்த்துவது, இறைவன் காட்டிய நேர்வழி என்பதையே. தொழுகை, நோன்பு, தர்மம், வியாபார நேர்மை, திருமணம், வாரிசுரிமை யாவும் அதனுள் அடங்கும். அப்பாதையைச் சட்டமாக விரித்துரைத்தவர்கள் அறிஞர்கள். அவர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. சுன்னி முஸ்லிம்களிடையே ஹனபி, மாலிக்கி, ஷாபி, ஹன்பலி என நான்கு சட்ட நெறிகள் உள்ளன. ஷியாக்களிடையே ஜஃபரி நெறி முதன்மையானது.

ஆகவே ‘ஷரீஆ வேண்டுமா?’ என்ற வினா, ‘கடவுளின் வழி வேண்டுமா?’ என்றே பலரின் செவியில் விழுகிறது. வேண்டாம் என்று யார்தான் சொல்லுவார்? ‘எந்தச் சட்டம், எந்த வழக்கில், யார்மீது?’ என்று பிரித்துக் கேட்டபோதுதான் வேற்றுமைகள் வெளிப்பட்டன.

ஒரு மனைவி தன் கணவனை விவாகரத்துச் செய்யும் உரிமை உடையவளாக இருக்க வேண்டுமா என்று கேட்டபோது, துனீசியாவில் நூற்றுக்கு 81 பேரும் மொறோக்கோவில் 73 பேரும் ஆம் என்றனர். ஈராக்கில் 14 பேரே ஆம் என்றனர். அதே துனீசியாவில், மகனுக்கும் மகளுக்கும் சொத்திற் சமபங்கு வேண்டுமா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 15 பேர் மட்டுமே. ஒரே நாட்டு மக்கள் ஒரு விடயத்தில் முன்னே நிற்கிறார்கள். மற்றொன்றில் பழைய வழியை விடாது பற்றிக்கொள்கிறார்கள்.

நம்மை அஞ்சவைக்கும் விடைகளும் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. எகிப்தில் ஷரீஆவை விரும்பியவர்களுள் நூற்றுக்கு 86 பேர், இஸ்லாத்தை விட்டு விலகுவோருக்கு மரண தண்டனை வேண்டும் என்றனர். துனீசியாவில் இவ்வாறு சொன்னவர்கள் 29 பேர். மேலும் எகிப்தில் ஷரீஆவை விரும்பியோருள் நூற்றுக்கு 74 பேர், அச்சட்டம் முஸ்லிம் அல்லாதோர்மீதும் செல்ல வேண்டும் என்றனர். இந்த இலக்கங்களுக்குப் பின்னால் எமது கோப்திய சகோதரர்களின் வாழ்வு இருக்கிறது. எகிப்தின் குற்றவியற் சட்டத்தில் சமயம் மாறியவருக்கு மரண தண்டனை கிடையாது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். வினாத்தாளில் ஒருவர் சொல்வதும் நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

குடும்பச் சட்டம் மட்டும் நிலைத்த வரலாறு

அரபு நாடுகள் பலவற்றில் வர்த்தகமும் குற்றமும் பற்றிய சட்டங்கள் ஐரோப்பிய முறையைத் தழுவியவை. எகிப்தின் குடியியற் சட்டக்கோவை 1949இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுச் சட்டத்தின் சாயல் அதில் மிகுதி. ஆனால் திருமணம், விவாகரத்து, பிள்ளைகளின் பராமரிப்பு, முதுசம் ஆகியவை சமய நெறியின்கீழேயே விடப்பட்டன. அந்நிய ஆட்சியாளர் சந்தையையும் சிறைச்சாலையையும் தம் கையில் எடுத்துக் கொண்டனர். வீட்டு வாசலைத் தாண்டத் தயங்கினர். ஆகவே வீட்டுச் சட்டம் மக்களுக்குத் தம் அடையாளத்தின் கடைசி அரணாயிற்று.

இது நமக்குப் புரியாத செய்தியன்று. யாழ்ப்பாணத்துத் தமிழர்க்குத் தேசவழமை உண்டு. ஒல்லாந்தர் அதனை 1707இல் எழுத்தில் வடித்தனர். சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்பன நமது வீடுகளில் இன்றும் வழங்கும் சொற்கள். எமது அயலவரான முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் விவாகச் சட்டமும் காதி நீதிமன்றமும் உள்ளன. தேசவழமை சமயச் சட்டமன்று, வழமைச் சட்டமே. ஆயினும் ‘எங்கள் வீட்டுச் சட்டத்தைத் தொடாதே’ என்னும் உணர்வு நமக்கும் அந்நியமானதன்று.

இரண்டையும் ஏன் கேட்கிறார்கள்?

அரபு மக்கள் பல ஆண்டுகள் எத்தகைய ஆட்சியின்கீழ் வாழ்ந்தனர் என்பதை நினைத்துப் பாருங்கள். எகிப்தில் 1981 முதல் 2011 வரை ஒரே சனாதிபதி. அக்காலம் முழுவதும் அவசரகாலச் சட்டம். துனீசியாவில் 1987 முதல் 2011 வரை ஒரே சனாதிபதி. ஈராக்கில் 1979 முதல் 2003 வரை சதாம் உசேன். தேர்தல் என்ற பெயரில் ஏதோ நடந்தது. சட்டம் என்ற பெயரிலும் ஏதோ இருந்தது. ஆனால் ஆட்சியாளன் அந்தச் சட்டத்துக்கு மேலே நின்றான்.

இத்தகைய நாட்டில் ஓர் ஏழை, ‘கடவுளின் சட்டம் வேண்டும்’ என்று சொல்லும்போது, ‘ஆட்சியாளனும் தலைவணங்க வேண்டிய ஒரு சட்டம் வேண்டும்’ என்பதையும் சேர்த்தே சொல்கிறான். ‘வாக்குரிமை வேண்டும்’ என்று சொல்லும்போது, ‘தவறு செய்பவனை மாற்றும் வழி வேண்டும்’ என்கிறான். இரண்டு கோரிக்கைகளிலும் ஒலிப்பது நீதிக்கான தாகமே.

ஈராக்கில் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. 2003இல் அமெரிக்கப் படை அந்நாட்டைக் கைப்பற்றியபின், நியமிக்கப்பட்டவர்களைக் கொண்டு யாப்பு எழுதும் எண்ணம் இருந்தது. அதனை எதிர்த்தவர் நஜப் நகரின் மூத்த ஷியா அறிஞர் அலி அல்சிஸ்தானி. மக்கள் தெரிவு செய்தவர்களே யாப்பை எழுத வேண்டும் என்று அவர் சமயத் தீர்ப்பு வழங்கினார். 2005 ஜனவரியில் தேர்தலும் நடந்தது. ஆம், வாக்குச் சீட்டைக் கோரியவர் தலைப்பாகை அணிந்த சமய அறிஞரே!

மூன்று நாடுகள், மூன்று வழிகள்

அவ்வாறு எழுந்த ஈராக்கின் யாப்பு 2005 ஒக்டோபரில் மக்கள் வாக்கினால் ஏற்கப்பட்டது. அதன் இரண்டாம் உறுப்புரை சொல்வது யாது? இஸ்லாத்தின் உறுதியான விதிகளுக்கு முரணாகச் சட்டம் இயற்றலாகாது. ஜனநாயகக் கோட்பாடுகளுக்கு முரணாகவும் சட்டம் இயற்றலாகாது. யாப்பிலுள்ள அடிப்படை உரிமைகளுக்கு முரணாகவும் இயற்றலாகாது. மூன்றும் அடுத்தடுத்த வரிகள்! ஒன்றோடொன்று மோதினால் எது முந்தும் என்பதை அவ்வுறுப்புரை சொல்லவில்லை. அம்மோதல் பின்னர் வீட்டுக்குள்ளேயே வந்தது. 1959 முதல் எல்லாப் பிரிவு முஸ்லிம்களுக்கும் பொதுவாயிருந்த குடும்பச் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஜனவரியில் திருத்தி, ஷியா நெறியின்படி திருமண விடயங்களை நடத்த வழிவிட்டது. ஈராக்கியப் பெண்கள் பலர் வீதியில் இறங்கி இதனை எதிர்த்தனர்.

துனீசியா வேறு வழி சென்றது. 1956இலேயே பலதார மணத்தைத் தடைசெய்த நாடு அது. 2011 புரட்சிக்குப்பின் நடந்த தேர்தலில் முதலிடம் பெற்றது அந்நஹ்ழா என்னும் இஸ்லாமியக் கட்சி. அது 2012இல், ‘ஷரீஆ என்ற சொல்லை யாப்பில் சேர்க்கக் கோரமாட்டோம்’ என அறிவித்தது. அச்சொல் நாட்டைப் பிளக்கும் என அக்கட்சி கண்டது. 2014 ஜனவரியில் நிறைவேறிய யாப்பு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்தது. 216 பேர் வாக்களித்ததில் 200 பேர் அதனை ஆதரித்தனர். ஆனால் 2021 ஜூலையில் சனாதிபதி கைஸ் சயீத் பாராளுமன்றத்தை இடைநிறுத்தினார். 2022இல் வந்த புதிய யாப்பு, இஸ்லாத்தின் நோக்கங்களை நிறைவேற்றுவது அரசின் கடமை என்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 11 பேரளவிலேயே இருந்தனர்.

எகிப்தில் 2011 - 2012 பாராளுமன்றத் தேர்தலில் முஸ்லிம் சகோதரத்துவத்தின் கட்சி தலைமையிலான அணி ஏறத்தாழப் பாதி ஆசனங்களையும், அதைவிடக் கடுமையான சலபி அணி கால்வாசியையும் பெற்றன. முகம்மது முர்சி சனாதிபதியானார். ஓராண்டு சென்றதும் பெருங்கூட்டம் அவருக்கு எதிராகத் திரண்டது. 2013 ஜூலை 3இல் இராணுவம் அவரை நீக்கியது. அடுத்த மாதம் பல கோவில்கள் எரிக்கப்பட்டன. மக்கள் சமயக் கட்சிக்கு வாக்களித்தனர். அதே மக்களுட் பலர் அதன் ஆட்சியை வெறுத்தனர். சமயச் சட்டத்தை விரும்புதல் வேறு, சமயக் கட்சியின் ஆட்சியை விரும்புதல் வேறு என்பதே இங்குள்ள பாடம்.

பாண் இல்லாத ஜனநாயகம்

2006 முதல் அரபு நாடுகளில் மக்களின் கருத்தை ஆராய்ந்து வரும் ‘அரபுப் பரோமீற்றர்’ என்னும் அறிஞர் குழு 2021 - 2022இல் மீண்டும் மக்களிடம் சென்றது. ஜனநாயக ஆட்சியில் பொருளாதாரம் பலவீனமடைகிறது என்ற கருத்தை ஈராக்கில் நூற்றுக்கு 72 பேரும் துனீசியாவில் 70 பேரும் ஏற்றனர். தேர்தலை உண்மையாகவே கண்ட நாடுகள் இவை என்பதைக் கவனியுங்கள். வாக்களித்தும் வேலை கிடைக்கவில்லை, மின்சாரம் வரவில்லை, கையூட்டு ஒழியவில்லை. ஆயினும் ‘குறைகள் உண்டு, ஆனால் மற்ற ஆட்சிகளைவிட ஜனநாயகமே மேல்’ என்றவர்களே அப்போதும் பெரும்பான்மையினர். ஏமாற்றம் ஆசையை முற்றாகக் கொன்றுவிடவில்லை.

கெய்ரோவில் ஒரு மகள்

இவ்வளவும் யாப்பு, தேர்தல், இலக்கம் என்று போயிற்று. ஒரு குடும்பத்திற்கு இது எவ்வாறு பொருள்படும்?

கெய்ரோவில் ஒரு கிறிஸ்தவப் பெண் சட்டத்தரணி. தந்தை இறந்தபின் சொத்தைப் பங்கிட வேண்டும். அவருக்கு இரு சகோதரர்கள். எகிப்தில் வாரிசுரிமை வழக்குகளில் கிறிஸ்தவர்க்கும் இஸ்லாமியச் சட்டமே வழங்கிவந்தது. அதன்படி மகளுக்கு மகனின் பங்கிற் பாதி. ‘எமக்கு அதிகம் வேண்டாம், அக்காளுக்கும் தங்கைக்கும் சமபங்கே நீதி’ என்று சொல்லும் சகோதரரை நமது ஊரிலும் தேட வேண்டியிருக்கும். ஆனால் அப்பெண்ணின் சகோதரர் இருவரும் அவர் பக்கமே நின்றனர். இருந்தும் நீதிமன்றம் முதலில் மறுத்தது. அவர் தளராமல், 2014ஆம் ஆண்டு யாப்பின் மூன்றாம் உறுப்புரையைச் சுட்டினார். கிறிஸ்தவரின் குடும்ப விடயங்களுக்கு அவர்களின் சமய நெறியே ஆதாரம் என்கிறது அவ்வுறுப்புரை. 2019 நவம்பரில் தீர்ப்பு அவர் பக்கமாயிற்று.

இக்கதையை நன்கு கவனியுங்கள். எகிப்து யாப்பின் இரண்டாம் உறுப்புரை ஷரீஆவின் கோட்பாடுகளே சட்டத்தின் பிரதான மூலம் என்கிறது. மூன்றாம் உறுப்புரை அப்பெண்ணுக்குத் துணை நின்றது. ஆனால் அவர் பெற்றது ‘கிறிஸ்தவப் பெண்’ என்ற வகையில் ஓர் உரிமை. அவருடைய முஸ்லிம் தோழி அதே வழக்கைத் தொடுத்திருந்தால் வென்றிருக்க மாட்டார். ஒரே நாட்டின் இரு குடிமக்கள், இரு வேறு நீதி!

இது முஸ்லிம் நாட்டுச் சிக்கல் மட்டுமே என்று நாம் இருந்துவிடலாகாது. லெபனானில் கிறிஸ்தவர்க்கும் திருமணச் சட்டம் அவரவர் சபையின் கையிலேயே இருக்கிறது. சமயம் கடந்து மணம் செய்ய விரும்புவோர் கப்பலேறியோ விமானமேறியோ சைப்பிரசுக்குச் சென்று பதிவுசெய்து வருகின்றனர். அரசு அதனை ஏற்கிறது. தம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க அங்குள்ள முஸ்லிம் தலைவர்கள் தயங்குவதுபோலவே கிறிஸ்தவத் தலைவர்களும் தயங்கியுள்ளனர்.

நாம் கற்பது என்ன?

வாசகர்களே, இப்பாடத்தின் சாரத்தை மூன்று வரிகளிற் சொல்லலாம். அரபு மக்கள் ஜனநாயகத்தை வெறுப்பவர்கள் அல்லர். அவர்களிடையே பெரும்பான்மையோர் அதனை விரும்புகின்றனர். அவர்கள் சமயச் சட்டத்தைக் கேட்பது பெரும்பாலும் நீதியைக் கேட்பதே. ஆயினும் அந்தக் கோரிக்கைக்குள் பிறர் சுதந்திரத்தை நசுக்கும் ஆபத்தும் மறைந்திருக்கலாம். ஆதலால், ஒரு சட்டம் வாக்கினால் வந்ததா, வேதத்தினால் வந்ததா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அது அந்நாட்டில் தொகையிற் சிறியவரையும் வலிமையற்றவரையும் எப்படி நடத்துகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இவ்வினாவை முஸ்லிம் அறிஞர்களும் கேட்டுவருகிறார்கள். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பீடம் 2011 ஜூனில், ஜனநாயக முறையிலமைந்த அரசியலமைப்பு அரசை ஆதரித்து ஆவணம் வெளியிட்டது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிசும் அல்-அஸ்ஹரின் பேரிமாம் அஹமத் அல்-தையிபும் 2019 பெப்ரவரி 4இல் அபுதாபியில் ஒப்பமிட்ட மனித சகோதரத்துவ ஆவணம், ‘சிறுபான்மை’ என்ற சொல்லை ஒதுக்கிவைக்கும் நோக்கில் வழங்குவதைக் கைவிட்டு, முழுக் குடியுரிமையை நிலைநாட்டும்படி கேட்கிறது. சிறுபான்மையாய் வாழ்ந்து பழகிய நமக்கு இச்சொற்களின் கனம் தெரியும்.

சிரியாவில் 2024 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. 2025 மார்ச்சில் வந்த இடைக்கால யாப்புப் பிரகடனம், இஸ்லாமியச் சட்டவியலே சட்டத்தின் பிரதான மூலம் என்றும், சனாதிபதி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நம்பிக்கைச் சுதந்திரத்தையும் உறுதியளிக்கிறது. எழுதிய இவ்விரண்டில் எது வாழ்வில் முந்தும் என்பதை அலெப்போவிலும் தமஸ்குவிலும் வாழும் குடும்பங்கள் தம் அன்றாட வாழ்விலேயே அறிந்துகொள்ளும். அந்நகர்களின் பெயர் செய்தியில் வரும்போது, ‘அவர்கள் அப்படித்தான்’ என்று பக்கத்தைப் புரட்டாதிருப்போம்.

வீட்டிற் கலந்து பேசுவதற்கு

1. ‘நீதி வேண்டும்’ என்பதை நாம் எந்தச் சொற்களாற் சொல்கிறோம்? நமது முஸ்லிம், இந்து, பௌத்த அயலவர் எந்தச் சொற்களாற் சொல்கின்றனர்?

2. பெரும்பான்மையோர் விரும்பினர் என்பதனால் மட்டும் ஒரு சட்டம் நீதியானதாகுமா? நமது சொந்த அனுபவத்திலிருந்து விடை காண்க.

3. கெய்ரோவிலுள்ள அந்தச் சகோதரர்களின் இடத்தில் நாம் இருந்திருந்தால், முதுசத்தைப் பங்கிடும்போது என்ன சொல்லியிருப்போம்?